ஏழாம் நம்பர் மலை இறங்கி வந்த வெள்ளிக்கிழமை

எங்கள் தோட்டத்தில் ஒரே ஓர் ஆம்ப்ளிஃபயர்தான் இருந்தது. அது மரண சகாய சங்கத்துக்குச் சொந்தம்.

கொட்டகலையிலிருந்து இருபது நிமிடம் பஸ்ஸிலும் பிறகு அரைமணி நேரம் நடையிலும் வரவேண்டிய தோட்டம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட ஓர் அறையில் சங்கத்தின் சொத்துகள் இருந்தன. பிளாஸ்டிக் கதிரைகள், தார்ப்பாய்கள், பெரிய அண்டாக்கள், அந்த ஆம்ப்ளிஃபயர். அறைக்கு வெளியே நின்ற சவுக்கு மரத்தின் உச்சியில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டிருந்தன. ஒன்று நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைப் பார்த்தது. மற்றது ஏழாம் நம்பர் மலையைப் பார்த்தது.

கல்யாணத்துக்கும் அவற்றைக் கொடுப்பார்கள். ஆனால் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமையில் வரும். வேலை நாளில் குழாய் சத்தம் போட்டால் அது சாவு.

சாவு சொல்வதற்கு எங்கள் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. பெயரை உடனே சொல்ல மாட்டார்கள். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களில் யாரோ ஒருத்தி செத்தவரின் மகளாகவோ தங்கையாகவோ இருப்பாள். செங்குத்தான சரிவில் நிற்பவளின் காதில் அந்தப் பெயர் திடீரென்று விழக்கூடாது. அதனால் முதலில் ஐந்து நிமிடம் சோகமான நாதஸ்வரக் கேசட் ஒன்றைப் போடுவார்கள். சத்தம் கேட்டதும் பெண்கள் நிமிர்வார்கள். கூடையை இறக்கி வைப்பார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பாதைக்கு வருவார்கள். சமதரைக்கு வந்து சேர்ந்த பிறகே பெயர். அந்தக் கேசட் ஈரம் குடித்து, நாடா இழுபட்டு, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலச் சத்தம் கொடுக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அது நாதஸ்வரந்தானா என்ற சந்தேகம் வரும். எங்களுக்கு வராது.

சங்கத்தின் செயலாளர் என் அப்பா. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். எங்கள் ஆட்கள் அதை ஸ்டோர் என்பார்கள். சங்க அறையின் சாவி லயத்தில் எங்கள் வீடான காம்பராவில், சாமிப் படத்துக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அப்போது பத்து வயது. எனக்கும் தெரியும்.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமா அம்மாவின் தம்பி. பதினாறு வயதில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார். எங்கள் பக்கத்துப் பையன்கள் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடைக்கோ துணிக்கடைக்கோ போவார்கள். மாமா போய்ச் சேர்ந்தது புறக்கோட்டையில் வாத்தியங்கள் திருத்தும் ஒரு கடை. கூட்டிப் பெருக்கவும் தேத்தண்ணீர் வாங்கி வரவும் அவரை எடுத்தார்கள். திருத்திய கிட்டாரை யாராவது வாசித்துப் பார்க்க வேண்டும். முதலாளிக்குக் கை நன்றாக வேலை செய்தது, காது மந்தம். அப்படித்தான் மாமாவின் கைக்குக் கிட்டார் வந்தது.

யாரோ ஒரு கப்பல்காரர் திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத டேப் ரெக்கோர்டர் ஒன்று அந்தக் கடையில் கிடந்தது. அதற்குள் ஒரு கேசட். அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு கறுப்பின மனிதர் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தபடி பாடுகிறார். பெயர் எழுதியிருக்கவில்லை. மாமா அந்தக் கேசட்டை நான்கு வருடம் கேட்டார். கேட்டதை வாசித்தார். மாலையில் கல்யாண வீடுகளில் பைலா என்னும் ஆட்டப்பாட்டு வாசிக்கும் ஒரு குழுவோடு போய்வந்தார். ஏழாவது வருடம் முதலாளி கடையை மூடினார். போகும்போது, உடல் பிளந்து பசை போட்டு ஒட்டிய சிவப்புக் கிட்டார் ஒன்றை மாமாவிடம் கொடுத்தார். ஆம்ப்ளிஃபயர் கொடுக்கவில்லை.

ஆம்ப்ளிஃபயர் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார் எப்படிக் கேட்கும் என்பதை லயத்தில் எல்லோரும் ஐந்து மாதம் கேட்டார்கள். அம்மா ஒரே வரியில் சொன்னாள்.

"கொழும்புக்குப் போயி ஏழு வருசமா எந்தம்பி கொசு வளத்துக்கிட்டு வந்துருக்கான்."

மாமா சிரிப்பார். பிறகு காதைக் கிட்டாரின் உடலில் ஒட்டி வைத்துக்கொண்டு மறுபடி வாசிப்பார். ஒருநாள் நான் இது என்ன பாட்டு என்று கேட்டேன்.

"புளூஸ்."

"அப்படின்னா?"

"அமெரிக்காவுல பருத்திக் காட்டுல வேலை செஞ்ச ஆளுங்க பாடுனது."

"அங்கயும் லயம் இருந்துச்சா மாமா?"

"இருந்துருக்கும்."

"கங்காணி?"

"இல்லாமலா?" என்றார்.

பங்குனி மாதம் ஒரு செய்தி வந்தது. நுவரெலியாவில் சித்திரை சீசனுக்கு ஒரு ஹோட்டல் இசைக்குழுவுக்குக் கிட்டார்காரர் தேவை. குழுத் தலைவர் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். மாமாவோடு கொழும்பில் வாசித்த ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். அதே வாரத்தில் அப்பாவும் ஸ்டோரில் மாமாவுக்கு ஓர் இடம் பிடித்துவிட்டார். மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை வாட்டுவதற்குப் பரப்பும் வேலை. திங்கட்கிழமை வர வேண்டும். வராவிட்டால் வேறு ஆள்.

அப்பா அதிகம் பேச மாட்டார். அன்று பேசினார்.

"ஞாயித்துக்கிழமை போயிட்டு வரட்டும். வேணாங்கல. கெடைக்கலேன்னா திங்கக்கிழமை ஸ்டோரு. அப்புறம் அந்தக் கிட்டாரு நம்ம காம்பராவுல இருக்கக்கூடாது. என்ன சொல்றீங்க?"

"சரிங்க மச்சான்," என்றார் மாமா.

மாமா அதை ஒப்புக்கொண்டு சொன்னார் என்பது அவர் அன்றிரவு சாப்பிட்ட விதத்தில் தெரிந்தது. வழக்கமான மூன்று ரொட்டியையும் சாப்பிட்டார். அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமா வாசற்படியில் உட்கார்ந்து ஒரே கம்பியை விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியைத் தள்ளும்போது சத்தம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வழுக்கிப் போக வேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். எவ்வளவு நேரம் நிற்கும் என்பது கரண்ட் இருந்தால்தான் தெரியும். ஐந்து மாதமாக அவர் தன் கிட்டாரைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓர் அந்நியர் முன்னால் அதை முதல் தடவையாகக் கேட்கப் போகிறார்.

"ஒரு மணி நேரம் போதும் புள்ள," என்றார். என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை.

நான் உள்ளே போய், சாவியை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன்.

மாமா வேண்டாம் என்றார். அப்பா கொன்றுபோடுவார் என்றார். அம்மா போட்டுவைத்துவிட்டுப் போயிருந்த பால் இல்லாத தேநீரை, எங்கள் சாயத்தண்ணியை, குடித்தார். குடித்து முடித்ததும் எழுந்தார்.

சங்க அறையில், கூட்டங்களுக்கு வைக்கும் ஒரு சின்ன மரப்பெட்டி ஸ்பீக்கரும் இருந்தது. மாமாவின் திட்டம் எளிமையானது. குழாய்களுக்குப் போகும் வயர்களைக் கழற்றிவிட்டு, பெட்டியை மட்டும் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பது. வெளியே கூரை விளிம்பில் இரண்டு இணைப்புகள் இருந்தன. இரண்டையும் கறுப்பு டேப் சுற்றி ஒட்டியிருந்தார்கள். அவர் உள்ளே ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருக்க, நான் கதிரை மேல் கதிரை போட்டு ஏறினேன். முதல் இணைப்பு இழுத்ததும் வந்தது. இரண்டாவது அப்பா சுற்றியது. அப்பா சுற்றிய எதுவும் சுலபமாக அவிழாது. என் நகம் ஒன்று மடங்கியது. கதிரை ஆடியது. இறங்கிவிட்டேன்.

"ரெண்டும் கழட்டியாச்சா?"

"கழட்டியாச்சு மாமா."

பிளக் செருகும் இடம் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்ததால் மாமா ஜன்னலோரம் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே ஏழாம் நம்பர் மலை. நான் கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்து, ஸ்டோரிலிருந்து வரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா வந்தால் சொல்வது என் பொறுப்பு.

முதலில் ஓர் உறுமல். பிறகு ஒற்றைச் சத்தம் ஒன்று வந்து, அறை முழுவதும் நின்றது. அண்டாக்கள் அதிர்ந்தன. மாமா அதை நிறுத்தவில்லை. தானாக ஓயும்வரை விட்டார். அடுத்ததைத் தொட்டார். கீழிருந்து தள்ளிக்கொண்டு போய், போக வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தி, அங்கேயே நடுங்க விட்டு, பிறகு சேர்த்தார். பேசவந்த ஒருவருக்குக் குரல் உடைந்து, சமாளித்துக்கொண்டு, மீதியைச் சொன்னது போல இருந்தது. ஐந்து மாதமாக நாங்கள் கொசு என்று சிரித்தது இதைத்தான்.

பத்து நிமிடம் இருக்கும். பாதையில் அப்பா வரவில்லை. வேறு ஆட்கள் வந்தார்கள்.

முதலில் வந்தது ஒருத்தி மட்டும். நனையாமல் இருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, கொழுந்து பறித்த ஈரக் கையோடு, சங்க அறையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கீழ் லயத்தை நோக்கி ஓடினாள். அவளை எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் அத்தை என்று கூப்பிடுவேன். கீழ் லயத்தின் கடைசிக் காம்பராவில் நெஞ்சு நோயோடு படுத்திருந்த தாத்தாவின் மகள். அவர் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவள். அவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவள் அவருடைய வாசலை மிதிப்பதில்லை. இரண்டு வருடம். இரண்டு லயத்துக்கும் நடுவே நூறு அடிதான்.

அவளுக்குப் பின்னால் மலையே வந்தது. பாதையின் வளைவில் கூடைகள் வரிசையாக இறக்கி வைக்கப்பட்டிருந்தன. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். சிலர் ஏற்கனவே அழுதுகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் அம்மா இருந்தாள். அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி வந்தாள். வீட்டில் இருந்தது நானும் மாமாவுந்தானே.

நான் கதவைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை தடவினாள். பிறகு எனக்குப் பின்னால், கழுத்தில் கிட்டாரோடு எழுந்து நின்ற தம்பியைப் பார்த்தாள்.

"யாருடா செத்தது?"

"யாரும் சாகலக்கா."

"அப்ப அழுதது யாரு?"

மாமா கிட்டாரைக் காட்டினார். அம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கை மேலேயே நின்றது. அப்படியே தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கீழ் லயத்தில் நடந்ததை நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். தாத்தா வெயிலுக்காகக் காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்தார். சாவுச் சத்தம் கேட்டதும் போர்வையை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். சாவு வீட்டுக்குப் போக அவரும் தயார். "யாரு போயிட்டாங்க ஆத்தா?" என்று வருகிறவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் மகள் எதிரே வந்து நின்றாள். நின்றவள் அப்படியே கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகு இன்னும் சத்தமாக அழுதாள்.

தாத்தா அவள் பக்கம் குனிந்தார்.

"எனக்கா அழுதுக்கிட்டு வந்த?"

"பின்ன, ஒங்க மாட்டுக்கா?"

"நான் சாகலயே."

"அதான் தெரியுதே!" என்று கத்திவிட்டு அழுதாள்.

தாத்தா போர்வையின் ஒரு பக்கத்தைத் தூக்கி, "பனி எறங்குது, உள்ள வா," என்றார். பிற்பகல் மூன்று மணி. பனி எங்கேயும் இல்லை.

அதற்குள் பெரட்டுக்களத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம். கண்டாக்கு வந்துவிட்டார். மலை வேலையை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தர் அவர். சாவு என்றால் தோட்டத்தின் நிர்வாகியான பெரிய துரைக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவர். கொப்பியைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"பேரச் சொல்லுங்க."

மாமா முன்னால் வந்தார்.

"சாவு இல்லீங்க ஐயா. நாந்தான் வாசிச்சேன்."

"என்னாத்த வாசிச்ச?"

"புளூஸ்ங்க."

"அது யாரு? எந்த லயம்?"

பெண்களில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். ஒருத்தி சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். கன்னத்தில் கண்ணீர் காயாமல் அத்தனை பேர் சிரித்ததை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. கண்டாக்கு கொப்பியை மூடினார். அப்போது ஸ்டோரிலிருந்து அப்பா வந்து சேர்ந்தார். சங்கத்தின் துண்டைத் தோளில் போட்டிருந்தார். சாவு விசாரிக்கத்தான் வந்திருந்தார்.

விஷயம் தெரிந்ததும் அப்பா கூச்சல் போடவில்லை. கூரை விளிம்புக்குப் போய் இணைப்புகளைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"ஒரு வயரு கழண்டிருக்கு. மத்தத யாரு விட்டது?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் மாமா சொல்லிவிட்டார்.

"நாந்தான் மச்சான்."

"சாவி?"

"அதுவும் நாந்தான்."

பெண்கள் திரும்பி மலைக்குப் போனார்கள். அன்று கொழுந்து நிறுப்பதற்கு ஒரு மணி நேரம் தாமதமானது. மாலை ஆறு மணிக்குச் சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. சாவுக்கு வைத்திருக்கும் கருவியை விளையாட்டுக்கு எடுத்தது குற்றம் என்றும், மாத முடிவில் பொதுக்கூட்டம் கூடி முடிவெடுக்கும்வரை அந்தக் கிட்டார் சங்க அறையிலேயே இருக்க வேண்டும் என்றும் தீர்மானித்தார்கள். தீர்மானத்தை எழுதியது அப்பா. அறையைப் பூட்டியதும் அப்பா. மாத முடிவு என்றால் ஞாயிறு போய்விட்டது. ஞாயிறு போனால் திங்கட்கிழமை ஸ்டோர். மாமா அன்றைக்கு ஒரு ரொட்டியோடு எழுந்துவிட்டார்.

நான் அழுதுகொண்டு படுத்தேன். இரண்டாவது வயரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் அப்பாவிடம் அடி விழும் என்பதோடு, மாமா பொய் சொன்னார் என்றும் ஆகிவிடும். சொல்லவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் வேலை விட்டதும் அத்தை எங்கள் காம்பராவுக்கு வந்தாள். கூடப் பத்துப் பதினைந்து பெண்கள். அவர்களுக்கு நடுவே, மகன் வழிப் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு, அதே போர்வையில் தாத்தா.

"அண்ணே, சங்கத்துச் சட்டத்துல ஒண்ணு கேக்கணும்," என்றாள் அத்தை.

"கேளும்மா."

"சாவு வீட்டுல தப்பு நடந்தா முறைப்பாடு குடுக்கிறது யாரு?"

"செத்தவரு வீட்டு ஆளுங்க."

"செத்தவரு இவருதான்." தாத்தாவைக் காட்டினாள். "வீட்டாளு நாந்தான். எனக்கு முறைப்பாடு இல்ல. கிட்டாரக் குடுங்க."

"அவரு சாகலயேம்மா," என்றார் அப்பா.

"அதத்தான் நேத்தும் சொன்னாங்க," என்றார் தாத்தா. "இந்தா பாருங்க தம்பி. எஞ்சாவுக்கு எத்தன பேரு வருவாங்கன்னு நான் கண்ணால பாத்துட்டேன். இந்தத் தோட்டத்துல எவனுக்குக் கெடச்சுது? எனக்கு வாசிச்சவன்கிட்டருந்து வாத்தியத்தப் புடுங்கி வச்சா நல்லாவா இருக்கு? சாவுக்குத் தப்படிக்கிறவனுக்கு அப்படிச் செய்வீங்களா?"

அப்பா எழுந்து உள்ளே போனார். சங்கத்தின் கொப்பியை எடுத்துவந்து, முதல் நாள் எழுதிய தீர்மானத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதினார். பிற்காலத்தில் நான் அந்தக் கொப்பியைப் பார்த்திருக்கிறேன். "சம்பந்தப்பட்ட குடும்பத்தார் தமக்கு முறைப்பாடு இல்லை எனத் தெரிவித்தனர். மேற்படி சம்பந்தப்பட்டவரும் நேரில் வந்து அதனை உறுதிப்படுத்தினார்." செத்தவர் என்று எழுத அப்பாவுக்கு மனம் வரவில்லை, உயிரோடிருப்பவர் என்று எழுதினால் தீர்மானமே அடிபட்டுப் போகும். இரண்டுக்கும் நடுவே அவர் கண்டுபிடித்த சொற்கள் அவை. பத்திரிகையில் பிறகு நான் எழுதிய பல வரிகளைவிட அவை திருத்தமானவை.

எழுதி முடித்ததும் சாவியை எடுத்து மாமாவிடம் கொடுத்தார். அவராகக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை. அம்மா தன் படங்கைக் கழுவி, துடைத்து, கிட்டாரை அதில் சுற்றிக் கட்டினாள். என்னையும் கூட அனுப்பினாள். பிள்ளை கூட இருந்தால் தம்பி எப்படியும் திரும்பி வந்துவிடுவான் என்பது அவள் கணக்கு.

நுவரெலியா ஹோட்டலின் பின்பக்கத்தில், கதிரைகளைக் கவிழ்த்துப் போட்ட ஒரு மண்டபத்தில் குழுத் தலைவர் இருந்தார். பருத்த மனிதர். ஒரு தட்டு நிறைய மீன் ரோல்ஸ் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிங்களத்தில் பேசினார். ஒரு பைலா கேட்டார். ஒரு ஹிந்திப் பாட்டு கேட்டார். வெள்ளைக்காரர்கள் ஜோடியாக ஆடுவதற்கு ஒன்று கேட்டார். மாமா வாசித்தார். கடைசியாக, உனக்குப் பிடித்தது ஏதாவது இருந்தால் வாசி என்றார். மாமா வெள்ளிக்கிழமை வாசித்ததை வாசித்தார்.

நான் அந்த மனிதரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோல்ஸைக் கீழே வைக்கவில்லை. ஒன்றை முடித்து அடுத்ததை எடுத்தார். மாமாவுக்கு வேலை கிடைக்கவில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். வாசித்து முடிந்ததும் அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, புதன்கிழமை கறுப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டு வா என்றார்.

திரும்பிவரும் பஸ்ஸில் மாமா படங்கில் சுற்றிய கிட்டாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நானு ஓயா ஸ்டேஷன் தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு எனக்கு இரண்டு கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார்.

அந்த சீசனிலிருந்து மாமா நிறுத்தவில்லை. நுவரெலியாவில் மூன்று வருடம், கொழும்பு ஹோட்டல்களில் எட்டு வருடம், பிறகு மாலைதீவு, ஒரு பயணிகள் கப்பல், மறுபடி கொழும்பு. இசைத்தட்டு எதுவும் வெளியிடவில்லை. பேர் பெற்றவரும் இல்லை. ஒரு தடவை சுவரொட்டியில் அவர் பெயரைப் போட்டார்கள், எழுத்துப் பிழையோடு. மாலை ஏழிலிருந்து பத்துவரை பைலாவும் ஹிந்திப் பாட்டும் வாசிப்பார். பத்து மணிக்கு மேல், சாப்பிடுகிறவர்கள் குறைந்த பிறகு, அரைமணி நேரம் புளூஸ் வாசிக்க விடுவார்கள். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் அந்த மூன்று மணி நேரம் என்பார். எனக்குப் பள்ளிப் புத்தகங்கள் அவரிடமிருந்து வந்தன. நான் உயர்தரம் படிக்கும்போது ஒரு டேப் ரெக்கோர்டர் வந்தது. அதை வைத்துத்தான் என் முதல் பேட்டியை எடுத்தேன். நான் பத்திரிகைக்காரி ஆனதில் அந்தக் கருவிக்குப் பங்கு உண்டு. அந்தக் கருவிக்குப் பின்னால் இருந்தவருக்கு என்ன பங்கு என்பதை நான் அளந்து பார்த்ததில்லை. அளக்கத் தொடங்கினால் முடியாது.

இதெல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வெள்ளிக்கிழமை பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னால் அவர் எனக்காகச் சொன்ன பொய்யை நான் மறக்கவில்லை. கேட்டவுடன், ஒரு கணம்கூட யோசிக்காமல், "நாந்தான்" என்றார். ஒருவர் இன்னொருவருக்காகச் செய்யக்கூடியது இதுதான் என்று நான் வளர்ந்தேன்.

போன வருடம் மாமா வாசிப்பதை நிறுத்திவிட்டார். இடது கை மோதிர விரல் மடங்க மறுக்கிறது. கொட்டகலையில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு மாலை, தொழில் பழக்கத்தில், நான் அவரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்க வாசிச்சதுல பெரிய கூட்டம் எங்க மாமா? கப்பல்லயா?"

"கப்பல்ல எல்லாரும் கையில கிளாஸ வச்சிருப்பாங்க," என்றார். "ஏழாம் நம்பர் மலைதான்."

"அவங்க சாவுன்னு நெனச்சுல்ல வந்தாங்க."

"எதுக்கு வந்தா என்ன? கூடைய எறக்கி வச்சிட்டு வந்தாங்கல்ல. முப்பது வருசம் வாசிச்சிருக்கேன். கையில இருக்கிறத ஒருத்தரும் கீழ வைக்கல."

அப்போது நான் சொன்னேன். அந்த இரண்டாவது வயரை நான்தான் கழற்றவில்லை என்றும், பொய் சொன்னேன் என்றும், எனக்காக அவர் பழியை ஏற்றதற்கு இத்தனை வருடமாக நன்றி சொல்லவில்லை என்றும்.

மாமா என்னைப் பார்த்தார். கொஞ்சம் சங்கடப்பட்டதாகவும் தோன்றியது.

"அது எனக்கு ரெண்டாவது நிமிசமே தெரியும் புள்ள. நான் ஜன்னல்கிட்டதான இருந்தேன். மொதல்ல ஒருத்தி நிமிந்தா. அப்புறம் பக்கத்துல உள்ளவ. அப்புறம் மலை முழுக்க நிமிந்துச்சு. கையெல்லாம் நின்னுபோச்சு."

"அப்ப ஏன் நிப்பாட்டல?"

"கேக்குறாங்கன்னு நெனச்சேன்," என்றார்.

அவர் என் பழியை ஏற்றுக்கொண்டார் என்றுதான் இத்தனை காலமும் நான் நன்றியோடு இருந்தேன். சாவியை விட்டுவிட்டால், வயரைப் பற்றி "நாந்தான்" என்று அவர் அன்று சொன்னது உண்மை, குழாய் கேட்கிறது என்று தெரிந்தும் விட்டது அவர்தான். அதனால் என் நன்றி ஒரு குன்றுமணிகூடக் குறையவில்லை. அது எதற்கு என்பது மட்டும் மாறிவிட்டது. அந்த அறையில் அவரோடு இருந்தது நான் ஒருத்திதான். கதவிடுக்கில் கண்ணை வைத்து, அப்பா வருகிறாரா என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முதுகுப் பக்கத்தில் ஒரு மனிதர், தன்னை முதன்முதலாக ஒரு மலை கேட்பதைப் பார்த்துக்கொண்டே வாசித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், பத்து வயதில், ஓடிப்போய் வயரைத்தான் பிடுங்கியிருப்பேன்.